கடலோர வீட்டில் புரொஜெக்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், இராமேசுவரம் என்று இராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கரை நெடுக வீடுகளில் புரொஜெக்டர் பொருத்திக் கொடுக்கப் போகும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. பெட்டியோடு வரும் கையேடு குளிர்ந்த, வறண்ட, இருட்டான அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம் வீடுகள் காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீடுகள். அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. ஆகவே இங்கே உள்ள பதில்கள் கையேட்டிலிருந்து பல இடங்களில் விலகிப் போகும்.

முதலில் எதற்குச் செலவழிப்பது? புரொஜெக்டருக்கா, திரைக்கா, ஸ்பீக்கருக்கா?

முதலில் ஜன்னல் திரைச்சீலைக்கு. புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் பாய்ச்ச முடியும், கருப்பைப் பாய்ச்ச முடியாது. படத்தில் கருப்பாகத் தெரிய வேண்டிய இடம் வெறும் சுவர்தான், வெளிச்சம் விழாத சுவர். ஜன்னல் இடுக்கில் வரும் வெயில் அந்தச் சுவரை வெளுக்க வைத்துவிட்டால், இரவுக் காட்சியில் ஆள் நிற்பதே தெரியாது. எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் இதுதான் கதி.

தடிமனான, உள்ளே கருப்புப் பூச்சுள்ள துணியில் திரைச்சீலை தையுங்கள். ஜன்னல் சட்டத்தைவிட ஒவ்வொரு பக்கமும் அரை அடி கூடுதலாக இருக்கட்டும். நம் பக்கத்து வீடுகளில் மறந்துபோவது சுவர் உச்சியில் இருக்கும் வெண்டிலேட்டர். பகல் முழுவதும் அதன் வழியாக ஒரு பட்டை வெளிச்சம் திரைமேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு ஒரு மரப்பலகையை அளவாக அறுத்து, வேண்டும்போது செருகி எடுக்கிற மாதிரி செய்துகொள்ளலாம்.

பிறகு பெயிண்ட். திரையிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் வெள்ளைக் கூரையில் பட்டு மறுபடி திரைக்கே திரும்புகிறது. திரையை ஒட்டிய மூன்று நான்கு அடிக்குக் கூரையிலும் பக்கச் சுவர்களிலும் பளபளப்பில்லாத அடர்நிறம் அடித்தால் படம் உடனே ஆழம் பெறும். ஒரு டப்பா பெயிண்டில் முடிகிற வேலை இது. இந்த மாற்றத்தைப் பார்த்து வியக்காத வீட்டுக்காரரை நான் கண்டதில்லை.

எங்கள் அறை 10க்கு 12 அடி. எவ்வளவு பெரிய படம் வரும்?

ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் உண்டு. லென்ஸிலிருந்து திரைக்கு உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. 100 அங்குலப் படம் என்பது மூலைக்கு மூலை அளவு; அதன் அகலம் ஏழேகால் அடி, உயரம் நான்கு அடிக்குச் சற்று மேல். எண் 1.5 என்றால், 7.25ஐ 1.5ஆல் பெருக்க, ஏறக்குறைய 11 அடி வேண்டும். 12 அடி நீளமுள்ள அறையில் இது இடிக்கும். புரொஜெக்டருக்கே ஓர் அடி நீளம் போய்விடும். அதன் பின்னால் வயருக்கும் சூடான காற்றுக்கும் இடம் வேண்டும். அதே அறையில் 1.2 எண்ணுள்ள புரொஜெக்டருக்கு 8.7 அடி போதும்.

ஆனால் அறையில் படம் கொள்ளுமா என்பதோடு கண்ணுக்குக் கொள்ளுமா என்பதையும் பார்க்க வேண்டும். உட்காரும் தூரம் மூலைவிட்ட அளவைப்போல் 1.2 முதல் 1.6 மடங்கு இருந்தால் சுகமாகப் பார்க்கலாம். 100 அங்குலத்துக்கு 10 முதல் 13 அடி. 12 அடி அறையில் சோபாவைப் போட்டுச் சாய்ந்தால் தலை இருப்பது எட்டு, ஒன்பது அடியில். எனவே உங்களுக்கு 80 அல்லது 90 அங்குலம்தான் என் கணக்கு. பக்கத்து வீட்டில் 120 அங்குலம் இருக்கிறது என்பதற்காகச் சுவர் முழுவதும் பரப்பிக்கொண்டால் கிரிக்கெட்டில் பந்தைத் தேடிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க நேரும். பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால் படத்தின் அடி விளிம்பைத் தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடிக்குள் இறக்கிவிடுங்கள்.

பெட்டியில் 9000 லூமென்ஸ் என்று போட்டிருக்கிறார்கள், விலை ஏழாயிரம்தான். வாங்கலாமா?

அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். லூமென்ஸ் என்பது புரொஜெக்டர் பாய்ச்சும் வெளிச்சத்தின் அளவு. அளவுமுறை எதுவும் சொல்லாமல் வெறுமனே ‘லூமென்ஸ்’ என்று அச்சிட்டிருந்தால் அது எதையும் அளந்து வந்த எண் அல்ல. அந்த விலையில் கிடைக்கும் பெட்டிகள் திரையில் உண்மையாகக் கொடுப்பது பெரும்பாலும் நூறு முதல் முந்நூறு லூமென்ஸ். தர அமைப்புகள் வகுத்த முறையில் அளந்த ‘ஆன்சி லூமென்ஸ்’ அல்லது ‘ஐ.எஸ்.ஓ. லூமென்ஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு தேவை என்பதை நீங்களே கணக்கிடலாம். டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வகுத்த அளவு திரையில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு). சாதாரண வெள்ளைத் திரையில் இந்த வெளிச்சம் வர, 100 அங்குலத்துக்குச் சுமார் 420 லூமென்ஸ் போதும்; 120க்கு 600; 150க்கு 930. இவ்வளவு குறைவா என்று தோன்றும். இது முழு இருட்டுக்கான கணக்கு. அதோடு, பெட்டியில் போட்டிருப்பது மிகப் பிரகாசமான, பச்சை பூத்த அமைப்பில் அளந்தது. நிறம் சரியாக இருக்கும் சினிமா அமைப்புக்கு மாற்றினால் அதில் பாதி, முக்கால்தான் மிஞ்சும். நாளாக நாளாக விளக்கும் மங்கும். எனவே நன்றாக இருட்டக்கூடிய அறைக்கு 1000 முதல் 1500 ஆன்சி லூமென்ஸ். ஒரு குழல் விளக்கு எரியட்டும், ஆட்கள் வந்துபோகட்டும் என்றால் 3000. பட்டப்பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்ப்பதாக இருந்தால் டிவி வாங்குங்கள். அந்த வேலைக்கு அதுதான் சரி.

‘4கே சப்போர்ட்’ என்கிறார்களே?

4கே சிக்னலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். உள்ளே படத்தை உருவாக்கும் பலகையில் எத்தனை புள்ளிகள் என்பது வேறு. ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள். 1920க்கு 1080 என்று இருந்தால் வாங்கலாம். 800க்கு 480 என்று இருந்தால் 100 அங்குலத்தில் எழுத்துகள் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும்.

எல்.சி.டி., டி.எல்.பி., லேசர்: கடலோரத்துக்கு எது நல்லது?

இரண்டு விஷயங்களைக் கலக்கக் கூடாது. எல்.சி.டி., டி.எல்.பி. என்பவை படத்தை உருவாக்கும் முறைகள். விளக்கு, எல்.இ.டி., லேசர் என்பவை வெளிச்சம் வரும் இடங்கள்.

படம் உருவாகும் பகுதி மூடி அடைக்கப்பட்டதா என்பதுதான் நமக்கு முக்கியம். டி.எல்.பி. 1987இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. நுண்ணிய கண்ணாடிகள் இலட்சக்கணக்கில் அடங்கிய அதன் சில்லு கண்ணாடி மூடிக்குள் அடைபட்டே வருகிறது. தூசியும் உப்பும் அதைத் தொடுவது கடினம். மூன்று எல்.சி.டி. பலகை உள்ளவற்றில் நிறம் நிறைவாக இருக்கும், ஆனால் பலகைகளைக் குளிர்விக்க வெளிக்காற்று அவற்றின்மேலேயே பாய்கிறது. காற்றை வடிகட்டும் ஃபில்டரைக் கவனிக்காவிட்டால் தூசி பலகையில் ஒட்டி, படத்தில் மங்கலான நிறத் திட்டாகத் தெரியும். சிலருக்கு டி.எல்.பி.யில் கண்ணைச் சட்டென்று திருப்பும்போது வானவில் கீற்றுகள் தெரியும். வாங்கும் முன் வீட்டில் எல்லோரையும் ஒரு முறை பார்க்க வைத்துவிடுங்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, பாதரச விளக்கு 3000 முதல் 5000 மணி நேரம், லேசர் சுமார் 20,000 மணி நேரம். காற்று மூலம் தூசி புகாத, மூடிய அமைப்புள்ள லேசர் டி.எல்.பி. இந்தக் கரைக்கு ஏற்றது என்பது என் முடிவு. கையில் பணம் குறைவென்றால் ஒரு நல்ல கம்பெனியின் விளக்கு வகையை வாங்கிப் பராமரியுங்கள். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் அடைப்பும் இல்லை, ஃபில்டரும் இல்லை.

உப்புக் காற்று உண்மையிலேயே இவ்வளவு கெடுக்குமா? கடல் ஒரு கிலோமீட்டர் தள்ளித்தானே இருக்கிறது?

கெடுக்கும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகளாகி வெகுதூரம் வருகின்றன. ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்கு உப்பு வருகிறதா என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

உப்பு காய்ந்து கிடக்கும்வரை பெரிய கேடில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்குக் குறைந்த ஈரத்திலேயே கசிகிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர்கள் மழைக்கால மூட்டை எப்படி அழும் என்று சொல்வார்கள். அதே கசிவு சர்க்கியூட் பலகையின்மேல் நடந்தால் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், இணைப்புகளை அரிக்கும்.

மண்டபத்தில் கடலைப் பார்த்த வீடு ஒன்றில், மழைக்காலங்கள் சிலவற்றைப் பார்த்துவிட்ட ஒரு புரொஜெக்டரைத் திறந்தேன். விசிறி காற்றை இழுக்கும் பக்கத்தில் திருகுகளின் தலையெல்லாம் செம்பழுப்பு. பலகையில் சாலிடர் கால்களைச் சுற்றிப் பச்சைப் பூப்பு. விசிறி இறக்கைகளின் முன்விளிம்பில் விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. அதே பலகையின் எதிர்ப்பக்கம், காற்று நேராகப் படாத பக்கம், அன்று வாங்கியது போல் பளபளத்தது. காற்று உள்ளே வரும் வழியைக் காப்பாற்றினால் மீதி தானே பிழைக்கும் என்பதற்கு அதுவே போதும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. புரொஜெக்டரைக் கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். படம் ஓடும்போது அந்த ஜன்னல் மூடியிருக்கட்டும். ஓடாதபோது, சூடு முழுவதும் ஆறிய பிறகு, அடைப்பு இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும் மணிகள் உள்ள சிலிக்கா ஜெல் வாங்கினால், ஈரம் ஏறியதும் நிறம் மாறிக் காட்டும். அடுப்பில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். சமையல் பாத்திரத்தில் மட்டும் வறுக்க வேண்டாம். கூரையில் தொங்குவது என்றால் பெட்டியில் போட முடியாது. அதற்கு நல்ல மருந்து வாரம் ஒரு முறையாவது ஒரு மணி நேரம் ஓட்டுவது. உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மாதக்கணக்கில் ஓடாமல் கிடப்பவைதான் தையில் பழுது பார்க்க வருகின்றன.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அணைத்தவுடன் பாலிதீன் உறையால் மூடாதீர்கள். சூடும் ஈரமும் உள்ளேயே சிக்கிவிடும்.

ஃபில்டரை எப்போது சுத்தம் செய்வது?

கையேட்டில் சொல்லியிருக்கும் மணிக்கணக்கில் பாதிக்கு ஒரு முறை. முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலக் கரிமூட்டம் போடும் இடத்துக்கு அருகில் வீடு என்றால் அதையும் பாதியாக்குங்கள். கரித்தூள் மிக நுண்ணியது, ஃபில்டரின் கண்களைச் சீக்கிரம் அடைத்துவிடும். காற்று குறைந்தால் சூடு ஏறும், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தானே அணையும். ‘அடிக்கடி ஆஃப் ஆகிறது’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை ஃபில்டரைத் தட்டியதும் தீர்ந்துவிடுகின்றன. பஞ்சு வகை ஃபில்டரை மென்மையாக வாக்வம் செய்யுங்கள். தண்ணீரில் கழுவலாம் என்று கையேடு சொன்னால் மட்டும் கழுவி, நிழலில் முழுவதும் காய வைத்துப் போடுங்கள். கழுவுவது போர்த் தண்ணீரில் வேண்டாம். நம் போர்த் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது.

லென்ஸில் மங்கலான படலம். வேட்டி நுனியால் துடைத்தால் போதாதா?

கூடாது. அந்தப் படலத்தில் மணல் துகளும் உப்புப் படிகமும் இருக்கின்றன. அழுத்தித் துடைத்தால் லென்ஸின் மேல்பூச்சைக் கீறிவிடும். முதலில் கேமராக் கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதுகுமிழால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். பிறகு மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையைக் காய்ச்சி வடித்த நீரில் இலேசாக நனைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றித் துடையுங்கள். காய்ந்த துணிக்கு உப்பு வராது, ஈரத்துக்குத்தான் வரும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீரே போதும். துணியில்தான் நீர், லென்ஸின்மேல் நேராக அல்ல.

லென்ஸுக்கு உள்ளே சிலந்தி வலை போலக் கிளைவிட்டுத் தெரிந்தால் அது பூஞ்சை. வெளியிலிருந்து துடைத்துப் பயனில்லை. பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் உடனே கொடுங்கள். விட்டுவைத்தால் அது கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும்.

கீழக்கரையில் எங்கள் வீடு பாட்டனார் காலத்தது. கூரையில் தொங்கவிடலாமா?

முதலில் கூரை எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். இந்தக் கரையின் பழைய வீடுகள் பலவற்றில் சுவர் கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும், கூரையில் மரச்சட்டம். சுண்ணாம்புச் சுவரில் ஆங்கர் போல்ட் பிடிப்பதில்லை. விரிய விரிய ஓட்டைதான் பெரிதாகும். அங்கே மரச்சட்டத்தில் திருகு ஏற்றலாம். அல்லது இரு சுவர்களுக்கும் இடையே ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து அதிலிருந்து தொங்கவிடலாம். இரண்டுக்கும் மனம் ஒப்பாவிட்டால் பின்சுவரில் ஓர் அலமாரித் தட்டு போதும். வீட்டின் அழகைக் கெடுக்காத வழி அதுதான்.

கான்கிரீட் கூரையிலும் ஒரு கண் வையுங்கள். உப்பால் கம்பி துருப்பிடித்து, சிமெண்ட் பூச்சு பெயர்ந்து விழும் கூரைகள் நம் ஊரில் நிறைய. சுத்தியல் காம்பால் தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றொலி வரும் இடத்தில் துளை போடாதீர்கள். போல்ட், நட்டு, தாங்கி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள்; 316 ரகம் உப்புக்கு நன்றாகத் தாங்கும். தாங்கியோடு இலவசமாக வரும் திருகுகளை இரண்டு வருடம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் தெரியும், ஏன் சொல்கிறேன் என்று. ஒரு பாதுகாப்புக் கம்பியும் தனியாகக் கட்டிவிடுங்கள். கீழே குழந்தைகள் படுத்துப் படம் பார்க்கும் வீடு.

கூரையை ஒட்டித் தொங்கவிட வேண்டாம். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக் கூரை இரவு பத்து மணிக்கும் அனலடிக்கிறது. பெரும்பாலான புரொஜெக்டர்கள் 35 டிகிரி வரையில்தான் இயங்கலாம் என்று சொல்கின்றன. ஓர் அடியாவது இறக்கிவிடுங்கள்.

படம் கோணலாக, ஒரு பக்கம் விரிந்து விழுகிறது. கீஸ்டோன் போட்டால் சரியாகிவிடுமா?

கீஸ்டோன் என்பது மெனுவிலிருந்தே கோணலைத் திருத்தும் வசதி. பார்வைக்குச் சரியாகும். உண்மையில் படத்தைச் சுருக்கி நேராக்குகிறது, அதனால் புள்ளிகளை இழக்கிறீர்கள், கூர்மை போகும். ரசமட்டம் வைத்துப் புரொஜெக்டரைச் சமமாக்குங்கள். திரையின் நடுவிலிருந்து நூல் பிடித்து, லென்ஸ் அந்த நூலின் மேலேயே வரும்படி நகர்த்துங்கள். லென்ஸை நகர்த்திப் படத்தை இடம் மாற்றும் ‘லென்ஸ் ஷிஃப்ட்’ வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், அதில் இழப்பு கிடையாது. கீஸ்டோன் கடைசிக் கைமருந்தாக இருக்கட்டும்.

ஃபோகஸை அரை மணி நேரம் ஓடிய பிறகு வையுங்கள். லென்ஸ் சூடேறி விரிந்தபின் அது சற்று நகர்ந்துவிடும். திரைக்கு அருகே ஒருவர் நின்று, மெனுவில் உள்ள சிறிய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு சொல்ல, இன்னொருவர் திருகினால் ஐந்து நிமிட வேலை. நான்கு மூலையிலும் எழுத்தைப் பார்த்துவிடுங்கள். நடு மட்டும் கூர்மையாக இருந்தால் புரொஜெக்டர் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.

வெள்ளைச் சுவரே போதுமா, திரை வேண்டுமா?

தொடக்கத்துக்குச் சுவர் போதும். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் அடியுங்கள். மேடு பள்ளம் பகலில் தெரியாது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். படத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குக் கருப்பு பார்டர் கொடுத்தால் படம் எடுப்பாக நிற்கும். சுவரில் உப்புப் பூத்துப் பொரிந்து விழுகிறது என்றால் பெயிண்டுக்குச் செலவு செய்யாதீர்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணித் திரை வாங்குங்கள். சுருட்டி ஏற்றும் மோட்டார் திரைகள் இங்கே நீடிப்பதில்லை, ஓரம் சுருண்டுகொள்ளும்.

கரண்ட் போய் வருகிறது. ஸ்டெபிலைசர் போட்டால் போதுமா?

பெரும்பாலான புரொஜெக்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளித்துக்கொள்ளும். விளக்கு வகைக்கு ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் விசிறி நின்றுவிடும், கொதிக்கும் விளக்கின் சூடு வெளியேற வழியில்லை. இது திரும்பத் திரும்ப நடந்தால் விளக்கின் ஆயுள் குறையும், சில வேளை வெடிக்கும். ஒரு யு.பி.எஸ். வைத்து, மின்சாரம் போனதும் ரிமோட்டில் முறையாக அணைத்து, விசிறி தானே நிற்கும்வரை விடுங்கள். கணினிக்கு வாங்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.கூட 200 வாட் புரொஜெக்டரை அந்தச் சில நிமிடங்களுக்குத் தாங்கும். படம் தொடர்ந்து ஓட வேண்டும் என்றால் வீட்டு இன்வெர்ட்டர். அது சைன் வேவ் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்டிஎம்ஐ வயரைச் செருகும்போது விரலில் சுர்ரென்று பிடிக்கிறதா? எர்த் சரியில்லை. உப்பு மண்ணில் எர்த் குழாய் அரித்துப்போவது சாதாரணம். எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். இடி முழக்கம் கேட்டால் பிளக்கோடு டிஷ் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

வாப்பா துபாயிலிருந்து வாங்கி வந்தது. இங்கே நேராகப் போடலாமா?

மின்சாரம் ஒத்துப்போகும். பிளக் மட்டும் வேறு, சதுரக் கால்கள் மூன்று. இரண்டு கால் சொருகும் மலிவு அடாப்டர் போட்டால் எர்த் விட்டுப்போகும். பவர் கேபிளைத் தனியாகக் கழற்ற முடிந்தால் நம் ஊர் மூன்று கால் கேபிள் ஒன்றை வாங்கி மாற்றிவிடுங்கள், அதுவே நல்லது. உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று பெட்டியில் உள்ள சீட்டைப் படித்துவிடுங்கள். பல கம்பெனிகள் வாங்கிய நாட்டுக்கு மட்டும்தான் கொடுக்கின்றன.

போனிலிருந்து நெட்ஃபிளிக்ஸை அனுப்பினால் சத்தம் வருகிறது, படம் கருப்பாக இருக்கிறது.

பழுது இல்லை. திருட்டுப் பதிவைத் தடுக்கும் பூட்டு அது. போன் திரையை அப்படியே பிரதிபலிக்க விடாது. இணையப் படங்களைத் தானே ஓட்டும் ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற ஒன்றை எச்டிஎம்ஐயில் செருகிப் பாருங்கள். அதற்கு மின்சாரத்தை அதனுடன் வந்த அடாப்டரிலிருந்து கொடுங்கள், புரொஜெக்டரின் யு.எஸ்.பி. துளை பல நேரம் போதாமல், ஸ்டிக் அணைந்து அணைந்து எரியும். எச்டிஎம்ஐ வயர் பத்து மீட்டருக்கு மேல் போனால் செம்பு வயர் வேண்டாம், உள்ளே ஒளியிழை உள்ளதை வாங்குங்கள்.

சத்தம் பின்னாலிருந்து வருகிறது. புளூடூத் ஸ்பீக்கரில் உதடும் சொல்லும் ஒட்டவில்லை.

புரொஜெக்டரில் உள்ள சிறு ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள். குரல் திரையிலிருந்து வந்தால்தான் மனம் படத்துக்குள் போகும். ஸ்பீக்கர்களைத் திரையின் இருபுறமும் வையுங்கள். புளூடூத்தில் ஒலி ஒரு நொடியின் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு பின்தங்கும். வயரில் இணையுங்கள். வயருக்கு வழியில்லை என்றால் ஸ்டிக்கின் அமைப்பில் ஒலியையும் படத்தையும் ஒத்துவைக்கும் பகுதி இருக்கிறது, அதில் சரிசெய்யலாம்.

கடையில் பார்த்தபோது பளிச்சென்று இருந்தது, வீட்டில் முகமெல்லாம் பச்சையாக இருக்கிறதே?

‘டைனமிக்’, ‘விவிட்’ என்ற அமைப்பில் இருக்கிறது. ‘சினிமா’ என்று மாற்றுங்கள். முதல் பத்து நிமிடம் மங்கலாகத் தோன்றும், பிறகு கண் பழகிவிடும், மனிதர்களின் தோல் தோலாகத் தெரியும். 1950களுக்கு முந்தைய படங்களைப் போட்டால் இருபுறமும் கருப்பாக இருக்கும். அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட வடிவம் அது. இழுத்து நிரப்பி நடிகர்களைக் குண்டாக்காதீர்கள்.

மொட்டை மாடியில் திரை கட்டிப் பார்க்க ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?

இந்த மாவட்டத்தில் வீட்டுத் திரையின் பேரின்பம் அதுதான் என்பேன். பகலெல்லாம் சுட்ட மாடியில் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து, உறவெல்லாம் கூடி உட்காரும்போது எந்த அறையும் அதற்கு ஈடாகாது.

முதலில் காற்று. பாம்பனின் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்தக் காற்றுதான் உங்கள் மாடியிலும் அடிக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றே 100 அங்குலத் திரையை 20 கிலோவுக்குக் குறையாத விசையுடன் தள்ளும். ஆனி, ஆடி மாதங்களில் மாடித் திரையை மறந்துவிடுங்கள். மற்ற நாட்களிலும் கட்டிய துணியைவிடப் படிக்கட்டு அறையின் சுவரில் வெள்ளை அடித்துக்கொள்வது நல்லது. அது ஆடாது, பறக்காது.

சூரியன் மறைந்து அரை மணி நேரமாவது கழித்துத் தொடங்குங்கள். மார்கழி, தை மாதங்களில் ஒன்பது மணிக்கெல்லாம் பனி இறங்கும். மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பார்த்து ஈரம் தெரிந்தால், கதை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் புரொஜெக்டரை உள்ளே கொண்டுபோய்விடுங்கள். ஏசி அறையில் இருந்ததை மாடிக்குக் கொண்டுவந்தவுடன் போடாதீர்கள். குளிர்ந்த லென்ஸிலும் பலகையிலும் ஈரம் வியர்க்கும். பையோடு வைத்து முக்கால் மணி நேரம் விட்டு, பிறகு போடுங்கள். மழை ஓய்ந்த இரவில் ஈசல் மொய்க்கும். சூடான காற்றுத் துளைக்குள் புகுந்து கருகிப்போகும். அப்படிப்பட்ட இரவில் உள்ளேயே பாருங்கள்.

கடற்கரை மணலில் கட்டினால்?

வேண்டாம். புரொஜெக்டருக்குக் கெடுதல் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் காக்கிறது. எடுக்கப்படாத குழிகளில் பொரிக்கும் குஞ்சுகள் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஊர்கின்றன. இரவில் அவற்றுக்கு வெளிச்சமான பக்கம் கடலாக இருக்க வேண்டும். கரையில் ஒரு திரை எரிந்தால் அவை ஊருக்குள் வந்து, நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும். கடலை ஒட்டிய மாடி என்றாலும் அந்த மாதங்களில் வெளிச்சம் கடல் பக்கம் தெரியாதபடி மறைத்துக் கட்டுங்கள்.

இறுதிப் போட்டியைத் தெருவுக்கே போட்டுக் காட்டலாமா?

உங்கள் வீட்டாரும் உறவும் பார்ப்பது வேறு, பொதுமக்களுக்குத் திரையிடுவது வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியே ஒலிபெருக்கி வைக்கத் தடையும் இருக்கிறது.

குழந்தைகள் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்.

விடாதீர்கள், எல்லா வகையும் கண்ணுக்கு ஆபத்துதான், லேசர் இன்னும் அதிகம். ஒளிக்கற்றை அவர்கள் தலைக்கு மேல் போகும்படி உயரத்தில் வையுங்கள்.

விளக்கு மங்கிவிட்டது. நாமே மாற்றலாமா? பழையதை எங்கே போடுவது?

மாற்றலாம். வயரைப் பிடுங்கி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மூடியின் திருகுகளைக் கழற்றி, கூண்டோடு வெளியே இழுங்கள். புதிய விளக்கின் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சூடு குவியும். கம்பெனி விளக்கையே வாங்குங்கள், போலி விளக்குகள் சீக்கிரம் மங்கும். மெனுவில் விளக்கு மணிக்கணக்கைப் பூஜ்ஜியமாக்கவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்.

பழைய விளக்கின் உள்ளே பாதரசம் இருக்கிறது. குப்பையில் போட்டால் மழைநீரோடு ஊருணிக்கும் கடலுக்கும் போய்ச் சேரும். புது விளக்கு வந்த அட்டைப் பெட்டியிலேயே பழையதை உடையாமல் வைத்து, கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் கொடுங்கள். மின்னணுக் கழிவுகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைச் சட்டம் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருக்கிறது. விளக்கு உள்ளேயே வெடித்துவிட்டால் முதலில் எல்லோரும் அறையைவிட்டு வெளியேறுங்கள், ஜன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். வெளியே விழுந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்காமல், கையுறை போட்டு, தடித்த அட்டையால் தள்ளி எடுத்து ஒரு பாட்டிலில் மூடி வையுங்கள். புரொஜெக்டரை நீங்கள் திறக்க வேண்டாம். சர்வீஸுக்கு அனுப்பும்போது விளக்கு வெடித்தது என்று எழுதி ஒட்டி அனுப்புங்கள்.